உதவி என்று அனுப்பிய மருந்து, குப்பையாகிக் கிடந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு பள்ளி திறந்ததும் நிவாரணப் பொருட்கள் சேகரித்தோம். அரிசி, போர்வையோடு மாத்திரைகளும் வந்தன. பாதி காலியான அட்டை, பெயர் கிழிந்த அட்டை, மூடி திறந்த இருமல் மருந்து. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, "மருந்துகள்" என்று நானே எழுதி லாரியில் ஏற்றினேன். அதைப் பிரித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. உலகம் அதற்கு முன்பே இதில் பட்ட பாட்டைப் பின்னாளில்தான் படித்தேன்.

1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம். பல நாடுகளிலிருந்து சுமார் 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருட்களும் வந்து குவிந்தன. பிரித்து அடுக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆனது. 8 சதவீதம் காலாவதி. 4 சதவீதம் பனியில் உறைந்து கெட்டது. மீதியிலும் இன்ன மருந்து என்று எளிதில் கண்டுகொள்ள முடிந்தது 30 சதவீதம்தான்.

கண்டுகொள்ள முடியாவிட்டால் என்ன ஆகும்? 1993இல் லித்துவேனியாவில் நன்கொடையாக வந்த ஒரு மருந்தைச் சாப்பிட்ட பதினோரு பெண்களுக்குச் சில காலம் பார்வை போனது. அது கால்நடைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து! விவரத்தாள் இல்லாமல் வந்ததால் மருத்துவர்கள் பெயரை வைத்து ஊகித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மிஞ்சியது போஸ்னியா. 1992இல் அங்கே போர் மூண்டது. 1996 நடுப்பகுதி வரை வந்த மருத்துவ உதவியில் பாதிக்கு மேல் பயன்படாதவை என்று மதிப்பிட்டார்கள். கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் தேங்கியது சுமார் 17,000 டன். பத்து டன் லாரி என்றால் 1,700 லாரி. (கணக்கு வாத்தியார் புத்தி போகுமா!) டன்னுக்கு 2,000 டாலர் வீதம் அழிக்கும் செலவு மட்டும் 3.4 கோடி டாலர். 1997இல் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதியவர்கள் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்கள். கொடுத்த நிறுவனங்களுக்குத் தங்கள் நாட்டில் அழிக்கும் செலவு மிச்சம், வரிச்சலுகையும் உண்டு.

திருப்பி அனுப்பலாமே என்பீர்கள். காலாவதி மருந்து அபாயக் கழிவு. எல்லை தாண்ட வேண்டுமென்றால் 1992இல் நடைமுறைக்கு வந்த பாசல் ஒப்பந்தப்படி சம்பந்தப்பட்ட நாடுகளின் சம்மதம் வேண்டும். வரும்போது உதவி, போகும்போது கழிவு!

சரி, எரித்துவிடலாமா? திறந்த வெளியில் குறைந்த சூட்டில் எரித்தால் நச்சுப்புகை. சாக்கடையில் கொட்டினால், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவையே ஆன்டிபயாடிக் கொன்றுவிடும். அப்படியே குப்பைமேட்டில் போட்டால் பொறுக்கி எடுத்து மறுபடி விற்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்தது. வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்றது. 1999இல் அழிப்பதற்கும் தனி நெறிமுறை வந்தது. அதில் எனக்குப் பிடித்த முறை, கொத்தனார் வேலை மாதிரியானது. இரும்பு டிரம்மில் முக்கால் பாகம் மாத்திரை, மேலே சுண்ணாம்பு, சிமெண்ட், தண்ணீர் கலந்த குழம்பு. மூடிப் பற்றவைத்துப் புதைக்க வேண்டியதுதான். சிமெண்ட் ஆலை உலையிலும் எரிக்கலாம். ஆனால் மருந்து, எரிபொருளில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. புற்றுநோய் மருந்துக்கு 1,200 டிகிரி சூடு வேண்டும். நம் நாட்டின் 2016 விதிகளும் புற்றுநோய் மருந்துக்கு இதையே சொல்கின்றன. மருத்துவமனைகளில் பார்க்கும் மஞ்சள் பையில்தான் காலாவதி மருந்தும் போக வேண்டும்.

இவ்வளவு எழுதி வைத்த பிறகும் சுனாமியின்போது இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்து போனது. 70 சதவீதத்தின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில். 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது.

என் பெட்டி போனது நாகப்பட்டினம் பக்கம். அந்த மாதங்களில் அங்கே முகாம்களிலோ மருத்துவமனைகளிலோ வேலை பார்த்த செவிலியர்கள், மருந்தாளுநர்கள் யாராவது இதைப் படித்தால், வந்த பெட்டிகளை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.