பன்முகப் பண்பாட்டு ஆற்றுப்படுத்துதல்: அமெரிக்க மண்ணில் ஓர் இயக்கத்தின் வரலாறு

ஒருவர் மனச்சுமையோடு நம் முன் வந்து அமரும்போது, அவர் பேசும் மொழி, பிறந்த இனம், வழிபடும் முறை, குடும்பத்தின் கட்டமைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே அவரை அறிய வேண்டும் என்று இன்று ஆற்றுப்படுத்துநர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இந்த நெறி தானாக வந்துவிடவில்லை. தங்கள் மக்களின் துயரம் பாடநூல்களில் இடம்பெறாததைக் கண்டு பொறுக்க முடியாத சிலர் அமெரிக்காவில் தொடங்கிவைத்த உழைப்பின் பயன் அது. அவர்களை முறையாக நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் துறையின் தொடக்கம் எளிய மக்களிடையேதான் அமைந்தது. 1908இல் ஃபிராங்க் பார்சன்ஸ் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். வேலை தேடிய இளைஞர்களும் குடியேறிகளும் அங்கே வந்தனர். 1913இல் தேசியத் தொழில் வழிகாட்டுச் சங்கம் உருவாயிற்று. 1952இல் நான்கு அமைப்புகள் ஒன்றிணைந்து அமெரிக்கப் பணியாளர் மற்றும் வழிகாட்டுச் சங்கம் என்னும் தாய்ச் சங்கம் பிறந்தது. ஆயினும் அக்காலத்துக் கோட்பாடுகள் வெள்ளையின நடுத்தர வர்க்கத்து மனிதரையே மனிதர் என்று கொண்டிருந்தன. தனிமனிதத் தன்னாட்சி, மனத்தைத் திறந்து பேசுதல், கண்ணோடு கண் நோக்குதல் ஆகியவை உடல்நலத்தின் அறிகுறிகளைப் போலவே மனநலத்தின் அறிகுறிகளாகக் கருதப்பட்டன. இவற்றோடு பொருந்தாதவர் குறையுடையவராக மதிப்பிடப்பட்டார்.

இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்றே அமைந்த கிரிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் வழிகாட்டுப் பணியாற்றிய கிளெமண்ட் வோன்ட்ரஸை இந்த இயக்கத்தின் முன்னோடி எனத் தயங்காமல் சொல்லலாம். அறுபதுகளில் அவர் எழுதத் தொடங்கினார். கறுப்பின இளைஞர் வெள்ளையின ஆற்றுப்படுத்துநர் முன் மௌனம் காப்பதை நோயாகக் காணக் கூடாது, அது வரலாறு கற்பித்த எச்சரிக்கை என்பதைத் துறைக்கு எடுத்துச் சொன்னவர் அவர். பிற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று மரபுவழி வைத்தியர்களிடமும் கற்றார். 1962இல் கில்பர்ட் ரென், தன் பண்பாட்டுக்குள் தன்னையே அடைத்துக்கொண்ட ஆற்றுப்படுத்துநரைப் பற்றி எழுதிய கட்டுரை, பெரும்பான்மைச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று. தன் எண்ணங்களையே உலகின் உண்மையாகக் கொள்பவர் பிறரைக் காண இயலாது என்னும் அக்கருத்து இன்றளவும் நம் பயிற்சியின் முதல் பாடம்.

குடிசார் உரிமைப் போராட்டத்தின் வெப்பம் துறைக்குள்ளும் பரவியது. 1968இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கறுப்பின உளவியலாளர் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு லாஸ் வேகாஸில் கூடிய தாய்ச் சங்கத்தின் மாநாட்டில், வெள்ளையர் அல்லாதாரின் நலன்களைக் கவனிக்கத் தனி அலுவலகம் வேண்டும் என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. தாங்கள் சந்தா செலுத்தி வளர்த்த சங்கத்திலேயே தங்களுக்கு இடம் கேட்டு நிற்க நேர்ந்தது அவர்களுக்கு. அப்படியிருந்தும் அவர்கள் வெளியேறிவிடவில்லை. உள்ளேயிருந்தே மாற்றுவது என்று உறுதி பூண்டனர். 1972இல் வெள்ளையர் அல்லாதார் நலன்களுக்கான சங்கம் முறைப்படி ஒரு பிரிவாக அங்கீகரிக்கப்பட்டது. அதற்கென ஓர் ஆய்விதழும் அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. நிறுவியவர்களுள் முதன்மையாகப் போற்றப்படும் சாமுவேல் ஜான்சனின் பெயரைச் சங்கத்தின் சேவை விருது ஒன்று தாங்கி நிற்கிறது. தாய்ச் சங்கத்தின் தலைவராக 1975இல் பொறுப்பேற்ற தெல்மா டேலி, அப்பதவியை வகித்த முதல் கறுப்பினத்தவர். அந்த ஒரு செய்திக்காகவே அந்த ஆண்டைத் தனியே குறித்து வைக்க வேண்டும்.

எழுபதுகள் சிந்தனை வளத்திலும் குறைந்தவையல்ல. 1971இல் வில்லியம் கிராஸ், கறுப்பின அடையாளம் ஒருவருள் படிப்படியாக முதிர்வதை விளக்கினார். 1972இல் அமைந்த ஆசிய அமெரிக்க உளவியல் சங்கத்தின் நிறுவனர்களில் சகோதரர்களான டெரால்ட் விங் சூவும் ஸ்டான்லி சூவும் இருந்தனர். சியாட்டில் பகுதி மனநல மையங்களை ஆராய்ந்த ஸ்டான்லி சூ, ஆசிய அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் சந்திப்போடு நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். வெள்ளையரில் அவ்வாறு நின்றவர் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரே. அதுவரை வராதவர்மேல் விழுந்த பழி, அதன்பின் சேவை அளிப்பவரின் பொறுப்பாக மாறத் தொடங்கியது. 1976இல் பால் பெடர்சன், வால்டர் லானர், யூரிஸ் டிராகன்ஸ் மூவரும் பண்பாடுகளைக் கடந்த ஆற்றுப்படுத்துதல் குறித்த தொகுப்பு நூலைக் கொண்டுவந்தனர்.

1981இல் வெளியான டெரால்ட் சூவின் நூல், உதவி நாடி வருபவரைத் தடுக்கும் மூன்று சுவர்களைக் காட்டியது: பண்பாட்டு விழுமியம், வர்க்கம், மொழி. கூலி இழந்து வரும் ஒரு தொழிலாளியிடம் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், ஐம்பது நிமிடம் என்று விதிப்பதும் ஒரு வர்க்கத்தின் வழக்கமே என்பதை அதுவரை எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? 1982இல் அவர் தலைமையிலான குழு, பண்பாட்டுத் திறனைத் தன்னறிவு, புறஅறிவு, செயல்திறன் என மூன்றாக வகுத்து அறிக்கை அளித்தது. தன்னறிவை முதலில் வைத்ததுதான் அதன் துணிவு. பிறரைப் பற்றி ஆயிரம் செய்திகளைக் கற்றவரும் தன் சாய்வுகளை அறியாவிடில் தவறிவிடுவார் என்பது அதன் பொருள். அறிக்கை வந்தபின், அது விரிவான திறன் தொகுப்பாக வளரப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே 1985இல் வெள்ளையர் அல்லாதார் நலன்களுக்கான சங்கம் தன் பெயரைப் பன்முகப் பண்பாட்டு ஆற்றுப்படுத்துதல் மற்றும் மேம்பாட்டுச் சங்கம் என மாற்றிக்கொண்டது. எதிர்மறையாகத் தம்மைக் குறித்துக்கொண்டவர்கள் எல்லா மக்களையும் உள்ளடக்கிய பெயருக்கு உயர்ந்த ஆண்டு அது.

தாமஸ் பாரம் இச்சங்கத்தின் தலைவராக இருந்தபோது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பணி மீண்டும் வேகம் கொண்டது. டெரால்ட் சூ, பட்ரீசியா அரெடோண்டோ, ரோஜர் மெக்டேவிஸ் ஆகியோர் 1992இல் 31 திறன்களைத் தொகுத்தளித்தனர். தன் கருத்துகளை அறிதல், வருபவரின் உலகநோக்கை அறிதல், அவருக்கேற்ற முறையை வகுத்தல் என்று அவை வரிசைப்படுத்தப்பட்டன. மெக்சிக்க அமெரிக்க மரபில் வந்த அரெடோண்டோ தலைமையில் 1996இல் அவை 119 விளக்கக் கூற்றுகளாக விரிந்தன. ஒருவரின் அடையாளம் இனத்தோடு முடிவதில்லை என்பதும் அப்போதே நிலைபெற்றது. வயது, பால், மொழி, வர்க்கம், உடற்குறை ஆகியவை ஓர் அடுக்கு. கல்வி, வருமானம், சமயம், மணவாழ்வு போன்றவை மற்றோர் அடுக்கு. இவற்றோடு, போர், புலப்பெயர்வு போன்று காலம் ஒருவர்மேல் பதித்துச்செல்லும் வரலாறு. அகதியாக வந்த ஒருவரோடு அமர்ந்து பேசியவர்கள் இம்மூன்றாவது அடுக்கின் கனத்தை உடனே உணர்வார்கள்.

1999 ஜனவரியில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் முதல் தேசியப் பன்முகப் பண்பாட்டு மாநாடு கூடியது. ரோசி பிங்ஹாம், லிசா போர்ஷே-பர்க், டெரால்ட் சூ, மெல்பா வாஸ்க்வெஸ் நால்வரும் அதை அமைத்தனர். 2002இல் அமெரிக்க உளவியல் சங்கமும் தனக்கெனப் பன்முகப் பண்பாட்டு நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. 1970இல் உளநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் இனங்காட்டிய நுண்தாக்குதல் (அன்றாடப் பேச்சிலும் நடத்தையிலும் நுட்பமாக வெளிப்படும் இன இழிவு) என்னும் கருத்தை 2007இல் டெரால்ட் சூவும் உடனாய்வாளரும் ஆற்றுப்படுத்தும் அறைக்குள்ளேயே நிகழ்வதாக எடுத்துக்காட்டி விரித்தனர்.

2015இல் மனோலிட்டோ ராட்ஸ், அன்னலீஸ் சிங் உள்ளிட்ட ஐவர் குழு 1992ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சமூகநீதியோடு இணைத்துப் புதுப்பித்தது. சலுகை பெற்றவர், ஒடுக்கப்பட்டவர் என்னும் நிலைகள் ஆற்றுப்படுத்துநருக்கும் உண்டு, நாடி வருபவருக்கும் உண்டு. அவ்விரண்டும் எவ்வாறு சந்திக்கின்றன என்பதை நான்கு கட்டங்களாக அது வரைந்து காட்டியது. அறைக்கு வெளியே, பள்ளியிலும் பணியிடத்திலும் சட்டத்திலும் துயரத்தின் வேர் இருக்குமானால் அங்கும் சென்று வாதாடுவது ஆற்றுப்படுத்துநரின் கடமை என்றும் வகுத்தது. 1969இல் தனி அலுவலகம் கேட்டவர்களின் சங்கம் அதை ஏற்றது. அவர்கள் யாரிடம் கேட்டார்களோ அந்தத் தாய்ச் சங்கமும் 2015ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒப்புதல் அளித்தது.