இல்ல மருத்துவச் சேவை

மருத்துவமனைக்குச் சென்றுவர இயலாதவர்க்கும், அங்குத் தங்கியிருக்கத் தேவையில்லை எனினும் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டியவர்க்கும், செவிலியர், இயன்முறை மருத்துவர், ஆய்வக நுட்பநர் முதலியோர் வீட்டிற்கே சென்று அளிக்கும் உதவி இல்ல மருத்துவச் சேவை எனப்படும். முதியோர், அறுவை சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பியோர், பக்கவாதத்தால் படுக்கையில் இருப்போர், தீரா நோயின் வலியைத் தணிக்கும் சிகிச்சை பெறுவோர் ஆகியோர் இதனால் பெரிதும் பயனடைகின்றனர்.

வரலாறு: இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வணிகரான வில்லியம் ராத்போன், தம் மனைவியை இறுதிக்காலத்தில் பேணிய மேரி ராபின்சன் என்னும் செவிலியை, 1859இல் அந்நகர ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்குமாறு அமர்த்தினார். பயிற்சி பெற்ற செவிலியர் போதிய அளவில் இல்லாமையால், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையுடன் பயிற்சிப் பள்ளியொன்றும் அங்கு நிறுவப்பட்டது. குறிப்பிட்ட வட்டாரத்தின் வீடுகளைச் செவிலியரிடம் ஒப்படைக்கும் இம்முறை வட்டாரச் செவிலியம் எனப் பெயர்பெற்றது. நியூயார்க்கில் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் லில்லியன் வால்டு 1893இல் இத்தகைய பணியைத் தொடங்கினார். 1909 முதல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் காப்பீட்டாளர்களுக்கான செவிலியர் வருகைச் செலவை ஏற்றபோது, அறக்கொடையை நம்பியிருந்த சேவைக்குக் காப்பீட்டுப் பணமும் துணையாயிற்று. அழைத்தவுடன் மருத்துவரே வீட்டிற்கு வரும் எஸ்.ஓ.எஸ். மெதசான் என்னும் அமைப்பு 1966இல் பாரிசில் தோன்றியது.

பணிகளும் நெறிகளும்: புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், ஊசி போடுதல், சிறுநீர் வடிகுழாயையும் மூக்குவழி உணவுக்குழாயையும் பராமரித்தல், ஆய்வுக்கு இரத்தம் எடுத்தல், படுக்கைப்புண் வாராமல் காத்தல் ஆகியன செவிலியர் முதலியோரின் வழக்கமான பணிகளாகும். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் போன்றவற்றைச் செய்யும் பராமரிப்பாளர் செவிலியர் ஆகார். ஊசியும் குழாயும் தொடர்பான பணிகளை, செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர், மருத்துவரின் எழுத்துவழிப் பரிந்துரையின்படியே செய்தல் வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்தின் அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துவைத்தால்தான், அடுத்து வருபவர் பணியைத் தடையின்றித் தொடர முடியும்.

தமிழ்நாட்டில்: நகரங்களில் தொலைபேசி, கைபேசிச் செயலி வழியே கட்டணத்திற்கு இச்சேவை கிடைக்கிறது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கான மருந்துகளும், வீட்டிலேயே வயிற்றறை வழியாக இரத்தத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்வதற்கான திரவப் பைகளும், இயன்முறை சிகிச்சையும், வலிதணிப்புச் சிகிச்சையும் வீடுகளில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

வரம்பு: இச்சேவை அவசர சிகிச்சைக்கு மாற்றாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவிழப்பு ஆகிய நிலைகளில் செவிலியரின் வருகைக்குக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைத்து, நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறையாகும்.