லினக்ஸ்ல புது சாஃப்ட்வேர் போடப் போறீங்களா? முதல்ல இடம் இருக்கான்னு பாருங்க!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் வருவது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பகுதி. மனு கொடுக்க வருபவர்கள், சான்றிதழுக்காக அலைபவர்கள் என வேலை நாள்களில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால், இப்போது பல விண்ணப்பங்கள் ஆன்லைனுக்குப் போய்விட்டன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட், பட்டா நகல் எல்லாமே ஸ்கேன் ஆகி ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பல வீடுகளில் அந்தக் கம்ப்யூட்டர், பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸோடு, 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது இது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. வாங்கிய புதிதில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம். பிறகு, 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கும், 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. 'பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா?' என்று யோசித்தவர்கள் பாஸ், உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் திரும்பினார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆர்வமாக ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணுவோம். பாதியில், 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று ஒரு வரி வரும். இடம் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். சின்ன சாஃப்ட்வேர் என்றால் தப்பித்தோம். மொத்த சிஸ்டத்தையும் அப்டேட் பண்ணும்போது இப்படி நின்றால், அடுத்த முறை லேப்டாப் ஒழுங்காகத் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாளைக்குக் கவுன்சலிங் பதிவுக்குக் கடைசி நாள் என்ற நிலையில் இது நடந்தால் என்ன ஆகும்? அதனால், இன்ஸ்டால் பட்டனைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

'320 ஜிபி இருக்கே!' என்று நம்பாதீங்க

பழைய அரசு லேப்டாப்பில் 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருக்கும். ஆனால், திறந்து பார்த்தால் சுமார் 298 ஜிபி என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கு போடுகிறார்கள். கம்ப்யூட்டர் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முக்கியமான விஷயம் வேறு. ஒரே டிஸ்க் என்றாலும் அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இதை பார்ட்டிஷன் என்பார்கள். விண்டோஸுக்கு ஒரு பகுதி, படங்கள் வைக்க ஒரு பகுதி, லினக்ஸுக்கு ஒரு பகுதி. இரண்டு இயங்குதளம் உள்ள லேப்டாப்களில் லினக்ஸுக்குச் சின்னப் பங்குதான் ஒதுக்கப்பட்டிருக்கும்.

வேங்கிக்கால் ஏரி நிரம்பினால் தண்ணீர் கோடி போகத்தான் செய்யும். பக்கத்து ஊர் ஏரி காய்ந்து கிடக்கிறது என்பதற்காக இங்கே வழியாமல் இருக்குமா? டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸின் 'டி' டிரைவில் 100 ஜிபி காலியாக இருக்கலாம். லினக்ஸ் பகுதி நிரம்பிவிட்டால் அந்த 100 ஜிபியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மொத்தமாக எவ்வளவு இடம் என்பது கேள்வியே இல்லை. சாஃப்ட்வேர் போய் உட்காரும் பகுதியில் எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

இரண்டு எழுத்து மந்திரம்

லினக்ஸில் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். இங்கே கமாண்டுகளை உச்சரிப்பாக எழுதியிருக்கிறோம். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

முதல் கமாண்ட்: டி, எஃப், ஒரு ஸ்பேஸ், மைனஸ் குறி, ஹெச். 'டிஸ்க் ஃப்ரீ' என்பதன் சுருக்கம்தான் 'டிஎஃப்'. என்டர் தட்டினால் ஓர் அட்டவணை வரும். அதில் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சாய்வுக் கோடு மட்டும் இருக்கும் வரிதான் லினக்ஸின் மூல இடம். இதை 'ரூட்' என்பார்கள். பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் வந்து உட்காருவது இங்கேதான். அதே வரியில் 'அவெய்ல்' என்ற பத்தியில் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு. பக்கத்தில் சதவிகிதம் இருக்கும். 90-ஐத் தாண்டியிருந்தால், இன்ஸ்டாலை ஒத்திவைத்துவிட்டுச் சுத்தம் செய்யும் வேலையை ஆரம்பியுங்கள்.

சிலர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, 'கணக்கு உதைக்குதே' என்பார்கள். லினக்ஸில் அதிகம் புழங்கும் 'எக்ஸ்ட் 4' அமைப்பு, வழக்கமாக 5 சதவிகித இடத்தை நிர்வாகிக்காகத் தனியே எடுத்து வைத்துவிடும். 50 ஜிபி பகுதி என்றால் 2.5 ஜிபி உங்கள் கணக்கில் வராது. அவசரத்துக்கு அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கும் காசு மாதிரி இது.

இந்த 'டிஎஃப்' இன்று நேற்று வந்ததல்ல. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை வளர்த்த காலத்தில், அவர்களுடைய பிடிபி-11 கணினியின் டிஸ்க் 512 கிலோபைட்தான். இன்று நம் மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. இடத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்கள் எழுதிய கமாண்ட் இது. லினக்ஸ் மட்டுமல்ல, ஆப்பிள் மேக், ஃப்ரீபிஎஸ்டி என யுனிக்ஸ் குடும்பத்தில் எங்கே போனாலும் வேலை செய்யும்.

எவ்வளவு இடம் வேணும்?

இதை நீங்கள் ஊகிக்கவே வேண்டாம். பாஸ், டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் 'ஏபிடி' என்ற கருவிதான் சாஃப்ட்வேரைக் கொண்டுவருகிறது. 'ஏபிடி இன்ஸ்டால்' என்று கொடுத்ததும் அது எடுத்த எடுப்பில் இறங்கிவிடாது. இவ்வளவு டவுன்லோடு ஆகும், முடிந்த பிறகு இவ்வளவு கூடுதல் இடம் போகும் என்று இரண்டு கணக்கு சொல்லிவிட்டு, 'செய்யவா?' என்று கேட்கும். கூடவே வரும் துணை சாஃப்ட்வேர்கள் ஏதும் இல்லாவிட்டால் மட்டும் கேட்காமலேயே ஆரம்பித்துவிடும்.

நம்மில் பலர் அந்த வரியைப் படிக்காமலேயே 'ஒய்' தட்டிவிடுகிறோம். நின்று படியுங்கள். இரண்டு எண்ணையும் கூட்டுங்கள். டவுன்லோடு ஆன ஃபைலும், அதைப் பிரித்து வைத்ததும் ஒரே நேரத்தில் இடம் பிடிக்கும். டவுன்லோடு 200 எம்பி, கூடுதல் இடம் 700 எம்பி என்றால் குறைந்தது 900 எம்பி வேண்டும். அதற்கு மேல் இரண்டு, மூன்று ஜிபி மிச்சம் இருந்தால்தான் சிஸ்டம் மூச்சு விட முடியும்.

உதாரணத்துக்கு, லிப்ரே ஆபீஸ் போட 1.55 ஜிபி வரை தேவைப்படலாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். லினக்ஸ் மின்ட்டையே புதிதாகப் போடுவதென்றால் குறைந்தது 20 ஜிபி; 100 ஜிபி இருந்தால் நல்லது என்பது அவர்கள் பரிந்துரை. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் சரி.

இடத்தை அடைச்சிருக்கிறது யாரு?

பத்தாது என்று தெரிந்துவிட்டது. அடுத்து, ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 'டியூ'. டி, யு, ஸ்பேஸ், மைனஸ், எஸ், ஹெச், ஸ்பேஸ், நட்சத்திரக் குறி என்று டைப் செய்தால், நீங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். கமாண்ட் என்றாலே பயமா? 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற ஆப் பல லினக்ஸ்களில் கிடைக்கிறது. வண்ண வண்ண வட்டமாகவே காட்டிவிடும்.

இந்த இரண்டு கமாண்டுமே பார்ப்பதற்கு மட்டும்தான். எதையும் அழிக்காது. தைரியமாகத் தட்டலாம்.

தைரியமாகத் தூக்கிப் போடக்கூடியவை

பரணில் இருந்து பழைய சாமானை இறக்குவது போல, ஒவ்வொன்றாகப் போகலாம்.

* குப்பைத்தொட்டி: நீங்கள் 'டெலீட்' செய்தது டிஸ்க்கை விட்டுப் போகவில்லை, டிராஷில்தான் இருக்கிறது. உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

* டவுன்லோடு மிச்சங்கள்: இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேர்களின் மூலக் கட்டுகளை ஏபிடி சேர்த்து வைத்திருக்கலாம். 'சூடோ ஏபிடி கிளீன்' என்று கொடுத்தால் போய்விடும். இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேருக்கு எந்தப் பாதிப்பும் வராது.

* துணைக்கு வந்தவை: ஒரு சாஃப்ட்வேரை நீக்கிய பிறகும், அதோடு வந்த உதவி ஃபைல்கள் அப்படியே கிடக்கும். 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' அவற்றை எடுக்கும். பழைய கெர்னல்கள் போவதும் இதில்தான். 'பூட்' என்ற பகுதி தனியாகவும் சின்னதாகவும் இருந்தால், பழைய கெர்னல்களாலேயே நிரம்பி அப்டேட் நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: நீக்கப்போகும் பட்டியலைக் காட்டும்போது கண்டிப்பாகப் படியுங்கள். நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரின் பெயர் அதில் தெரிந்தால் 'என்' தட்டி நிறுத்திவிடுங்கள்.

* நாட்குறிப்பு: சிஸ்டம் தினமும் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே இருக்கும். இந்த லாக் ஃபைல்கள் ஜிபி கணக்கில் வளரலாம். சூடோ, ஸ்பேஸ், ஜர்னல்சிடிஎல், ஸ்பேஸ், இரண்டு மைனஸ், வேக்யூம், ஒரு மைனஸ், சைஸ், சமக்குறி, 200, பெரிய எழுத்து எம். இடையில் வேறு ஸ்பேஸ் வேண்டாம். பழையவை போய், சுமார் 200 எம்பி அளவுக்கு மட்டும் மிஞ்சும்.

* பிரவுசர் கேஷ்: பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போய் அழிக்கலாம். 'கேஷ்' மட்டும் டிக் செய்யுங்கள். பாஸ்வேர்டைச் சேர்த்து டிக் செய்துவிட்டு அப்புறம் தவிக்காதீர்கள்.

ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு ஏபிடி கிடையாது. 'சூடோ டிஎன்எஃப் கிளீன் ஆல்' அங்கே அந்த வேலையைச் செய்யும்.

கை வைக்கவே கூடாதவை

'வார்', 'யுஎஸ்ஆர்', 'லிப்' போன்ற சிஸ்டம் ஃபோல்டர்களுக்குள் போய், 'இது பெருசா இருக்கே' என்று நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். அங்கே சுத்தம் செய்வது மேலே சொன்ன கமாண்டுகளின் வேலை.

'ஆர்எம்' என்ற கமாண்ட் விஷயத்தில் இரு மடங்கு கவனம் தேவை. அதற்கு டிராஷ் கிடையாது. அழித்தால் அழித்ததுதான். யாரோ சொன்னார்கள் என்று 'சூடோ ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' என்று ஆரம்பிக்கும் எதையும் அர்த்தம் தெரியாமல் ஒட்டாதீர்கள். ஒரு ஸ்பேஸ் இடம் மாறினாலே வீட்டுப் போட்டோக்கள் மொத்தமும் போய்விடும்.

அதனால், சுத்தம் செய்யத் தொடங்கும் முன்பே சான்றிதழ் ஸ்கேன், குடும்பப் படங்கள், புராஜெக்ட் ஃபைல்கள் மூன்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். எடுத்ததோடு விடாமல், இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

அழிச்சும் இடம் வரலையே!

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் அழித்த ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அது மூடும்வரை யுனிக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது, ஐநோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு எண் வேண்டும். லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால், இடம் மிச்சம் இருந்தும் எண்கள் தீர்ந்துவிடும். 'டிஎஃப்' பின்னால் மைனஸ் ஹெச்சுக்குப் பதில் மைனஸ் ஐ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நடுவில் நின்றே போச்சா?

பதற வேண்டாம். பாஸ்வேர்டு கொடுத்தும் திரும்பத் திரும்ப லாகின் திரையே வந்தால், டிஸ்க் நிரம்பியிருப்பது காரணமாக இருக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை ஒன்று வரும். அதில் லாகின் செய்து, 'சூடோ ஏபிடி கிளீன்' கொடுத்து முதலில் இடம் உண்டாக்குங்கள். பிறகு சூடோ, டிபிகேஜி, இரண்டு மைனஸ் சேர்த்து கன்ஃபிகர், ஸ்பேஸ், மைனஸ் ஏ. பாதியில் நின்ற இன்ஸ்டால் அங்கிருந்து தொடரும். முதலில் இடம், அப்புறம்தான் ரிப்பேர். இந்த வரிசையை மாற்றினால், ரிப்பேரும் இடமில்லாமல் நின்றுவிடும்.

ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்குங்க

1. சான்றிதழும் படங்களும் பென் டிரைவில்.
2. 'டிஎஃப்' தட்டி, ஒற்றைச் சாய்வுக் கோடு உள்ள வரியைப் பார்.
3. ஏபிடி சொல்லும் இரண்டு எண்ணையும் கூட்டு. மேலே மூன்று ஜிபி வை.
4. பத்தலைன்னா டிராஷ், கிளீன், ஆட்டோரிமூவ், லாக்.
5. மறுபடி 'டிஎஃப்'. இடம் வந்த பிறகே 'ஒய்'.

பதிமூன்று, பதினாலு வயதான லேப்டாப்பாக இருக்கலாம். பிள்ளையின் ரெஸ்யூமே டைப் செய்யவும், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அனுப்பவும் அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கொஞ்சம் இடம் மட்டும் விட்டு வையுங்கள்!