மருந்தும் மன்றமும்

ஒரு நோய்க்கு மருந்து கண்டறிந்த நாளை வரலாறு மறவாமல் குறித்து வைக்கிறது. அம்மருந்து ஏழை நோயாளியின் கையை எட்டிய நாளை அது பெரும்பாலும் குறிப்பதில்லை. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலம் எத்துணை விலையுடையது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

எச்.ஐ.வி. கிருமி தாயிடமிருந்து சேய்க்கு மூன்று வழிகளிற் செல்லக் கூடும். கருவில் இருக்கும்போது செல்லலாம், பிரசவத்தின்போது செல்லலாம், தாய்ப்பால் வழியாகவும் செல்லலாம். தடுப்பு முறை எதுவும் கையாளப்படாவிடில், இக்கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுள் 100-க்கு 15 முதல் 45 வரை அதனைப் பெறுகின்றன. ஜிடோவுடின் என்னும் மருந்தைக் கொடுத்தால் இத்தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பதை, அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆராய்ச்சி 1994-இல் மெய்ப்பித்தது. எனினும், பல வாரங்கள் உட்கொள்ள வேண்டிய அம்மருந்தின் விலை அக்காலத்தில் ஏழை நாடுகளால் தாங்கத் தக்கதாக இருக்கவில்லை.

1999-இல் உகாண்டா நாட்டிலிருந்து எளிய வழியொன்று வெளிப்பட்டது. பிரசவ வலி கண்டவுடன் தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்று. பிறந்த மூன்று நாட்களுக்குள் சிசுவுக்கு அதே மருந்து ஒருமுறை. இவ்வளவே சிகிச்சை. குறுகிய காலம் ஜிடோவுடின் கொடுப்பதைவிட இம்முறையில் தொற்று ஏறக்குறையப் பாதியாயிற்று.

அப்பொழுது தென்னாப்பிரிக்காவின் நிலைமை யாது? 1990-இல் அரசாங்க மருத்துவ நிலையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களுள் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவே இக்கிருமி இருந்தது. 2000-இலோ, ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு இருந்தது. ஆண்டுதோறும் 70,000 குழந்தைகள் இதற்கு இரையாவதாக அரசாங்கமே மதிப்பிட்டிருந்தது. மருந்தைச் செய்த நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு அதனை இலவசமாகத் தரவும் முன்வந்தது. ஆயினும் மாகாணத்துக்கு இரண்டாகப் பதினெட்டு இடங்களில் மட்டும் கொடுத்துப் பார்ப்பதென அரசாங்கம் முடிவு செய்தது. மருந்தின் தீங்கு பற்றிய ஐயமும், கிருமி மருந்துக்கு அடங்காமற் போகுமோ என்ற அச்சமும், ஆலோசனை கூறும் ஊழியர் குறைவும் காரணங்களாகக் கூறப்பட்டன. எய்ட்ஸ் நோய்க்கு இக்கிருமிதான் காரணமா என்றே ஜனாதிபதி தாபோ உம்பெக்கி ஐயுற்ற காலம் அது. பதினெட்டு இடங்களுக்கு வெளியே பணியாற்றிய அரசாங்க மருத்துவர் பலர், பயன் அறிந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தது.

2000 ஜூலையில் டர்பன் நகரில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடிற்று. பிறவியிலேயே இக்கிருமியைப் பெற்றிருந்த பதினொரு வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன், கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அம்மேடையில் அரசாங்கத்தை வேண்டினான். 2001 ஜூன் முதல் தேதி அவன் மறைந்தான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ‘டிரீட்மெண்ட் ஆக்‌ஷன் காம்பெயின்’ என்னும் மக்கள் இயக்கம் நீதிமன்றத்தை நாடிற்று. மருத்துவ வசதி பெறும் உரிமையை நாட்டின் அரசியற் சட்டம் யாவர்க்கும் அளித்துள்ளது என்பதே அதன் வாதம். டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2002 ஜூலை 5-ஆம் தேதி அரசியற் சட்ட நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: தடையைத் தாமதமின்றி நீக்குக; மருத்துவம் வேண்டுமெனக் கருதும் இடமெல்லாம் மருந்து கிடைக்கச் செய்க.

ஒற்றை மாத்திரை முறையால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போவதுண்டு என்பது பின்னர் உறுதிப்பட்டது. ஆதலின் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிறந்த முறை அதன் இடத்தைப் பெற்றது. 2011-இல் அந்நாட்டில், கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளுள் 100-க்கு மூவருக்கும் குறைவாகவே தொற்றுக் காணப்பட்டது.

மாணவர்களே, மருந்து வழங்கத் தாமதித்ததால் ஏறத்தாழ 35,000 குழந்தைகள் கிருமியுடன் பிறந்தனர் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2008-இல் கணக்கிட்டனர். விஞ்ஞானி தம் கடமையை முடித்த பின்னும், ஆள்வோர்க்கும் குடிமக்களுக்கும் கடமை எஞ்சி நிற்கிறது. அக்கடமை தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுத்தவர்கள், பேச அறியாத பச்சிளங் குழந்தைகள்.