உப்பும் அரசும்: புத்தளத்து வாய்க்கால்கள் சொல்லும் வரலாறு

புத்தளத்தில் உப்பளத்தை நாங்கள் 'வாய்க்கால்' என்றுதான் சொல்வோம். "வாப்பா எங்க?" என்று வகுப்பில் கேட்டால், "வாய்க்காலுக்குப் போயிட்டார் சேர்" என்று பதில் வரும். என் உம்மாவின் வாப்பாவுக்கும் ஒரு வாய்க்காலில் சிறு பங்கிருந்தது. "உப்ப மழையும் கரைக்கும், கவர்மெண்டும் கரைக்கும்" என்பார். முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றியே இக்கட்டுரை.

களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து உப்பு எடுக்கிறோம். கச்சான் வீசும் ஆடி, ஆவணி மாதங்களே பெரும்போகம். ஐப்பசி மழை இறங்கினால் வேலை முடிந்தது. கடலில்லாத கண்டி இராச்சியம் இந்த உப்பை நம்பியே இருந்தது. எங்கட முன்னோர் தவள மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், பாக்கோடு திரும்பினார்கள்.

இந்தப் பாதையை அடைப்பவன் கண்டியை அடக்கலாம் என்பதை ஒல்லாந்தர் விளங்கிக்கொண்டார்கள். 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தார். ஆயினும் சிலாபம், புத்தளம் பகுதிகளில் தம் குடிகள் உப்பு எடுக்கும் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். நாட்டின் கரையையே இழந்தவர் உப்பை மட்டும் விடவில்லை.

1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் உப்பை அரசின் ஏகபோகமாக்கினார்கள். வாய்க்கால் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். விளைந்த உப்போ அரசுக்கே சேர வேண்டும். வாங்கும் விலையையும் அரசு வைத்தது, விற்கும் விலையையும் அரசு வைத்தது. இரண்டுக்கும் இடைப்பட்டதே வரி. தானாக விளைந்த உப்பை ஏழை ஒருவன் அள்ளினால் அதுவும் குற்றம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும. கோல்புறூக் விசாரணையைத் தொடர்ந்து 1833இல் கறுவா ஏகபோகம் ஒழிந்தது. உப்பு ஏகபோகம் ஒழியவில்லை. 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. கறுவாவை விடுவித்ததால் இலாபம் கண்டவர் ஏற்றுமதி வியாபாரிகள். உப்பை விடுவித்திருந்தால் நன்மை கண்டிருப்பவர் குடிசைக்காரரும் சிறு வாய்க்கால்காரரும். பெரியவருக்குக் கதவு திறந்தது, சிறியவருக்குத் திறக்கவில்லை.

ஆட்சியாளன் தானே வியாபாரத்தில் இறங்கினால் குடிகளின் தொழில் நசியும், முடிவில் வரி வருமானமும் குறையும் என்று இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் விளக்கியிருக்கிறார். அதற்கும் முன்னர், மஃரிப் உப்பு நிலத்தை அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போன்றது என்று அறிவிக்கப்பட்டதும் அதை மீளப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி உண்டு. எல்லோருக்கும் தேவையான ஒன்றை ஒரு கையில் அடைக்கக் கூடாது என்ற பாடத்தை இதிலிருந்து பெறலாம்.

கடலுக்கு அப்பால் 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் உப்புக்காகத்தான். இந்தியாவின் உப்பு வரியை நீக்கிய 1947 வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தவர் லியாகத் அலி கான். எங்கட பிள்ளைகளுக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது.

சுதந்திரத்தின் பின் இங்கே அரச கூட்டுத்தாபனம் வந்தது. திறந்த பொருளாதாரத்தின் பின் அது கம்பெனியாக மாறியது. 1995இல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. கண்டமாலையைத் தடுக்க அவசியமான சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இயந்திரமும் பரிசோதனையும் பொதி செய்தலும் காசுள்ளவனுக்கே கைகூடும். சிறு வாய்க்கால்காரன் கச்சா உப்பை மூட்டைக் கணக்கில் அவனிடமே விற்க வேண்டியிருக்கிறது. முன்பு வாங்குபவர் அரசு ஒருவரே. இப்போது ஒருசில பெரிய முதலாளிமார். விலை சொல்லும் வாய் மட்டுமே மாறியது.

வற் வரியும் அப்படித்தான். 2022இல் 8 வீதமாக இருந்தது, 2024 ஜனவரியில் 18 வீதமானது. பதிவுள்ள தொழில்கள் தாம் கொடுத்த வரியை வழமையாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறியவர் பம்புக்கும் பைக்கும் கொடுத்த வரி போனது போனதுதான்.

2024 இறுதியில் பெய்த மழை விளைச்சலைக் கரைத்தது. 2025இல் 30,000 தொன் உப்பை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. தட்டுப்பாட்டில் இறக்குமதி தேவைதான். பொதி செய்யும் பெரிய நிறுவனத்துக்கு எந்தக் கடலின் உப்பும் உப்பே. மழையில் இழந்தவனுக்கோ அடுத்த போகமே கதி. அவன் அள்ளும் நேரத்தில் கப்பலும் வந்துவிட்டால் விலை விழும்.

ஆகவே வரி எத்தனை வீதம் என்பதை மட்டும் பேசினால் போதாது. யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவரிடம் களஞ்சியம் உண்டு, சிறியவரிடம் கடன் உண்டு. கூட்டுறவாக ஒரு களஞ்சியம், பொதுவான ஓர் அயடீன் இயந்திரம், இறக்குமதித் திகதியைப் போகத்துக்கு முன்பே அறிவித்தல் என்ற மூன்றும் இருந்தால், மழை கரைத்தாலும் கவர்மெண்ட் கரைக்காது.