பிளாட்டினம் என்று சொன்னது என் தப்பு



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் பேசினாள். திட ஆக்சைடு எரிபொருள் கலத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். "சார், எரிபொருள் கலம்னா பிளாட்டினம் மின்வாய்தான்னு ப்ளஸ் டூல சொன்னீங்க. எங்க கலத்துல பொட்டுக்கூடக் கிடையாது" என்று சிரித்தாள். புத்தகத்தைத் தாண்டாமல் நடத்தியவன் நான். பரிகாரமாக இந்தப் பதிவு.

கதை ஒரு விளக்கில் தொடங்குகிறது. ஜெர்மனியில் வால்தர் நெர்ன்ஸ்ட் (உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்த அதே சமன்பாட்டுக்காரர்) 1890களின் கடைசியில் சிர்க்கோனியாவில் யிட்ரியா கலந்து விளக்குத் தண்டு செய்தார். சூடேறினால் அந்தப் பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் ஓடும். 1937இல் சூரிக்கில் எமில் பாவரும் ஹான்ஸ் பிரைஸும் அதே பீங்கானை வைத்து, சுமார் 1000 டிகிரியில் முதல் கலத்தை ஓட்டினார்கள். எரிபொருள் பக்கம் இரும்பு அல்லது கரி. காற்றுப் பக்கம் மாக்னடைட், அதாவது இரும்பு ஆக்சைடு! மின்சாரம் கொஞ்சம்தான் வந்தது.

1962இல் வெஸ்டிங்ஹவுஸின் வைஸ்பார்ட்டும் ருக்காவும் பிளாட்டினம் போட்டார்கள். வேலை செய்தது, ஆனால் விலை கட்டுமா? ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்பாசில், நிக்கலைச் சிர்க்கோனியாவோடு கலந்தார். காப்புரிமை 1970இல் கிடைத்தது. தனி நிக்கல் சூட்டில் ஒட்டிக் கட்டியாகி, வாயு புகும் துளைகளை அடைத்துவிடும். பீங்கான் துகள் நடுவில் நின்று அதைத் தடுக்கும். என்ன கெட்டிக்காரத்தனம்! இன்றும் எரிபொருள் பக்கம் பெரும்பாலும் அதுதான். காற்றுப் பக்கத்துக்கு ஸ்ட்ரான்சியம் சேர்த்த லாந்தனம் மாங்கனைட் வந்தது.

சூட்டை 700 டிகிரி அளவுக்குக் குறைத்தால் விலை குறைந்த எஃகை இணைப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சூட்டில் மாங்கனைட் மந்தமாகிவிடுகிறது. அதனால் கோபால்ட்டைச் சேர்த்தார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. அங்கே சிறு குழிகளில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். நிக்கல் ஆக்சைடுத் தூளை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரலாம். யிட்ரியத்தையோ சீனா 2025 ஏப்ரலில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டது. லாந்தனம் நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலேயே இருக்கிறது. ஆனால் கூடவே கதிரியக்கத் தோரியமும் வரும். தூய மின்சாரம் என்று கரும்பலகையில் எழுதியபோது இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

அவள் செய்வது கோபால்ட் இல்லாத, இரும்பு கலந்த மின்வாய். பாவர் விட்ட இடம்! "ஓடுது சார், ஆனா சூடு குறையக் குறையத் தடை ஏறுது" என்றாள்.

வேதியியலில் இருக்கும் மற்ற பிள்ளைகள் யாருக்காவது வழி தெரிந்தால் எனக்கு எழுதுங்கள், அவளிடம் சொல்கிறேன்.