காப்பாற்றியவரும் கட்சிக்காரர்தான்: மேஜர் கார்ல் பிளாகேயின் கதை

1947 ஆம் ஆண்டு, ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், நாஜிக் கட்சியின் முன்னாள் உறுப்பினர்களை விசாரிக்கும் மன்று ஒன்றின் முன் கார்ல் பிளாகே என்ற பொறியியலாளர் நின்றார். விசாரிக்கப்பட்டவர்களை ஐந்து வகைகளில் ஒன்றில் சேர்ப்பது அன்றைய நடைமுறை. முதலாவது பெருங்குற்றவாளி, ஐந்தாவது குற்றமற்றவர். நான்காவதற்கு ஜேர்மன் மொழியில் 'மிட்லொய்ஃபர்' என்று பெயர். கூடவே ஓடியவர் என்று பொருள். பிளாகேயால் உயிர் தப்பிய யூதர்கள் அப்போது ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். வழக்கைக் கேள்விப்பட்டு, அவர் கேட்காமலேயே, அவருக்காகச் சாட்சி சொல்ல ஓர் ஆளை அனுப்பினார்கள். மன்று அவரை முற்றாக விடுவிக்கத் தயாராக இருந்தது. அவரோ தன்னை நான்காவது வகையிலேயே போடும்படி கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்றியவர்கள் பற்றி நான் வாசித்தவற்றுள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். ஜூலை 83ஐக் கண்டவர்களுக்கு அயல்வீட்டுக்காரர் ஒளித்து வைத்த கதை புதிதல்ல. அப்படியான கதைகளில் காப்பாற்றியவரை ஒன்றில் தெய்வமாக்கிவிடுகிறோம், அல்லது அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். பிளாகே இந்த இரண்டுக்குள்ளும் அடங்கமாட்டார்.

அவர் 1897 இல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டு, ஆங்கிலேயரிடம் கைதியாகி, அங்கே போலியோ வந்து ஒரு கால் பாதிக்கப்பட்டவர். 1931 இல், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்னரே, நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொருளாதாரம் விழுந்து கிடந்த நாட்டை அவர்கள் நிமிர்த்துவார்கள் என்று நம்பியதாகப் பின்னாளில் சொன்னார். இனக் கொள்கையைப் போதிக்க மறுத்ததால் கட்சிக்குள்ளேயே ஓரங்கட்டப்பட்டார் என்பதும் உண்மைதான். ஆனாலும், அப்படி நம்பிச் சேர்ந்த இலட்சக்கணக்கானோரின் தோளில் ஏறித்தான் அந்த ஆட்சி வந்தது.

1941 கோடையில் ஜேர்மன் இராணுவம் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரைப் பிடித்தது. இராணுவ வாகனங்களைத் திருத்தும் 562 ஆம் இலக்கப் பிரிவின் பொறுப்பதிகாரியாகப் பிளாகே அங்கு வந்தார். நகருக்கு வெளியே பொனாரி என்ற காடு. அங்கே முன்னர் எரிபொருள் தாங்கிகளுக்காக வெட்டிய பெருங்குழிகள் இருந்தன. யூதர்களைக் கூட்டம் கூட்டமாக அங்கு கொண்டுபோய்ச் சுட்டார்கள். மிஞ்சியவர்களைச் சில தெருக்களுக்குள் அடைத்து, வேலை அட்டை உள்ளவர் மட்டும் உயிரோடு இருக்கலாம் என்றார்கள். ஓர் அட்டை வைத்திருப்பவர் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் காத்துக்கொள்ளலாம். மூன்றாவது பிள்ளைக்கு இடமில்லை.

பிளாகே தன் பட்டறைக்கு ஆட்களை எடுக்கத் தொடங்கினார். வாகனத்தின் இயந்திரத்தை வாழ்நாளில் தொட்டிராதவர்கள்கூட அவருடைய பத்திரத்தில் தேர்ந்த மெக்கானிக் ஆனார்கள். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் நகர் முழுவதற்கும் ஏறத்தாழ 3,000 அட்டைகளே வழங்கப்பட்டன. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. அந்தப் பட்டறையில் திருத்தப்பட்ட லொறிகள் திரும்ப ஹிட்லரின் இராணுவத்துக்கே ஓடின. உயிருக்கு விலையாகக் கொடுத்தது அந்த வேலையைத்தான். வேறு விலை அவரிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

1943 செப்டெம்பரில் அந்த அடைப்பு முற்றாக அழிக்கப்படப் போகிறது என்று தெரிந்ததும், எஸ்.எஸ். படையோடு வாதாடி, சுபோச் வீதியில் தனி வேலை முகாம் ஒன்றை அமைத்தார். ஏழை யூதக் குடும்பங்களுக்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட மலிவு வீடுகள் அவை. பெண்களும் பிள்ளைகளும் கூட இருந்தால்தான் ஆண்கள் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்று சொல்லி, குடும்பம் குடும்பமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோரை அங்கு மாற்றினார். ஒரு கிழமைக்குள் அடைப்பு அழிக்கப்பட்டது. எதிரியிடம் இரக்கத்தைச் சொல்லாமல் இலாபத்தைச் சொல்லி வாதாடுவது எப்படியென்று இந்த மனிதர் கற்றிருந்தார். ஆனால் முகாமின் கடைசி அதிகாரம் எஸ்.எஸ். கையில்தான் இருந்தது.

1944 மார்ச் 27 அன்று, பிளாகே விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த நேரம், எஸ்.எஸ். படையினர் முகாமைச் சுற்றிவளைத்து ஏறத்தாழ 250 பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். ஒளிக்கப்பட்ட சில பிள்ளைகளே தப்பினார்கள். பிற்காலத்தில் ஓவியராகப் புகழ்பெற்ற சாமுவேல் பாக் அவர்களில் ஒருவர். தகப்பன் அவரை ஒரு சாக்குக்குள் போட்டு முகாமுக்கு வெளியே கடத்தினார். அந்தத் தகப்பன் விடுதலைக்குச் சில நாட்கள் முன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜூலை 1 அன்று, செம்படை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பிளாகே முற்றத்தில் கைதிகள் முன் பேசினார். எஸ்.எஸ். அதிகாரி ஒருவரும் பக்கத்தில் நின்றார். தன் பிரிவு மேற்கே நகர்த்தப்படுகிறது, உங்களைக் கூட்டிப்போக அனுமதி கிடைக்கவில்லை, திங்கட்கிழமை உங்களை எஸ்.எஸ். படை பொறுப்பேற்கும், கைதிகளை அவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும், மூட்டை முடிச்சுத் தேவைப்படாது என்ற பொருளில் சொன்னார். கேட்டவர்களுக்கு விளங்கியது. சுவர்களுக்கிடையிலும் நிலத்துக்கடியிலும் முன்கூட்டியே அமைத்த மறைவிடங்களுக்குள் புகுந்தார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. ஜூலை 3 காலை வரிசையில் வந்து நின்ற ஏறத்தாழ 500 பேர் பொனாரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த நாட்களில் தேடிப் பிடிக்கப்பட்ட மேலும் பலர் முகாம் முற்றத்திலேயே சுடப்பட்டார்கள். சில நாட்களில் நகர் செம்படையிடம் வீழ்ந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 250 பேர்.

ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் 250 என்பது சிறிய தொகை. ஆனால் வில்னியஸ் யூதர்களில் ஒரே இடத்தில் இத்தனை பேர் தப்பியது அரிது.

ஷிண்ட்லரைத் திரைப்படத்தால் எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவரை விட்டுவிட்டு, அதிகம் அறியப்படாத ஒரு போலந்துப் பெண்ணைச் சொல்கிறேன். சோஃபியா கோசாக் பெயர் பெற்ற கத்தோலிக்க எழுத்தாளர். 1942 ஆகஸ்டில் வார்சோவில் இரகசியமாக ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். கொலையைக் கண்டு வாய்மூடி இருப்பவன் கொலைக்கு உடந்தை என்று அதில் எழுதினார். அதே துண்டுப்பிரசுரத்தில், யூதர்களைப் போலந்தின் எதிரிகளாகவே இன்னும் கருதுகிறோம் என்றும் எழுதினார். அடுத்த மாதமே யூதர்களுக்கு உதவும் இரகசியக் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதிலிருந்துதான் 'ஷெகோட்டா' அமைப்பு உருவானது. மறுவருடம் பிடிபட்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். நான் முதலில் வாசித்தபோது அந்த இரண்டாவது வசனம் எனக்குக் கோபத்தைத் தந்தது. கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அயலவரைப் பிடிக்கும் என்று சொன்ன எத்தனையோ பேர் அந்த மாதத்தில் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்கவேண்டியிருக்கிறது.

இப்படியானவர்களை எப்படி மதிப்பது என்ற கேள்வி இஸ்ரேலின் யாட் வஷேம் நினைவகத்துக்கும் வந்தது. 1962 இல் ஷிண்ட்லரைக் கௌரவிக்க முற்பட்டபோது, கிராக்கோவில் யூதர்களின் சொத்தைப் பறித்தவர் அவர் என்று முறைப்பாடு எழுந்தது. அடுத்த வருடம் முதல் ஒரு நீதிபதியின் தலைமையில் ஆணைக்குழு இருந்து சாட்சிகளைக் கேட்டு முடிவெடுக்கிறது. யூதரல்லாதவராக இருக்கவேண்டும், தன் உயிரைப் பணயம் வைத்திருக்கவேண்டும், கைம்மாறு பெற்றிருக்கக்கூடாது. நல்லவரா என்று அது கேட்பதில்லை. அது எனக்குச் சரியாகவே படுகிறது.

பிளாகேயின் பெயரை அந்த ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோனவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் குட். சுபோச் வீதி முகாமில் சிறுமியாக இருந்து தப்பியவர் அவருடைய தாய். தப்பியவர்களுக்கு மேஜரின் முழுப்பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது விண்ணப்பத்தின் பின்னரே ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. 2005 இல் ஜெருசலேமில் பெயர் பொறிக்கப்பட்டது. பிளாகே 1957 இலேயே டார்ம்ஸ்டாட்டில் இறந்துவிட்டார்.

1947 இல் அந்த மன்றுக்கு வந்து சாட்சி சொன்னவர், மறைவிடங்களில் இருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் அனுப்பிய ஆள். வரிசையில் நின்ற 500 பேர் சார்பிலும், மார்ச் மாதம் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் சார்பிலும் அங்கு வருவதற்கு யாரும் இருக்கவில்லை. மன்று அவரை அவர் கேட்ட நான்காவது வகையிலேயே பதிந்தது.